யூக்கோன் ஆற்றங்கரைக்கு வந்த மார்த்தா

மாணவர்களே, வரலாற்றுக் கட்டுரையில் 'முன்னோடி' என்று எழுதும் முன் ஒரு நிமிஷம் யோசிங்க. யாருக்கு முன்னோடி? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மார்த்தா பிளாக்கின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

மார்த்தா 1866இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1896இல் கனடாவின் வடமேற்கே, க்ளோண்டைக் ஆற்றில் கலக்கும் ஓர் ஓடையில் தங்கம் கிடைத்தது. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் அங்கே கிளம்பினர். 1898இல் மார்த்தாவும் கணவரோடு போகத் தயாரானார். ஆனால் கணவர் மனம் மாறி ஹவாய்த் தீவுக்குப் போக நினைத்தார். மார்த்தா விடவில்லை. உடன்பிறந்த சகோதரரோடு வடக்கே புறப்பட்டார். அந்தத் திருமணமும் முறிந்தது.

பயணம் லேசுப்பட்டது இல்லை. செங்குத்தான சில்கூட் கணவாயை நடந்தே ஏறணும். ஓராண்டுக்கான உணவும் பொருளும் இல்லாதவரைக் கனடாக் காவல்படை எல்லையிலேயே திருப்பி அனுப்பியது. ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் சுமை! அப்போது மார்த்தா கருவுற்றிருந்தார். கணவாயைக் கடந்து, படகில் யூக்கோன் ஆற்று வழியே டாசன் நகரை அடைந்தார். 1899 ஜனவரியில், கடும் குளிரில், ஒரு மரக்குடிலில் அவருக்கு மகன் பிறந்தான்.

பிறகு மரம் அறுக்கும் ஆலை நடத்தினார். 1904இல் வழக்கறிஞர் ஜார்ஜ் பிளாக்கை மணந்தார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர் நோயுற்றதால், 1935இல் மார்த்தாவே தேர்தலில் நின்று வென்றார். அப்போது வயது 69. கனடா மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டாவது பெண் இவர்தான்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். மார்த்தா வந்தபோது அந்தக் கரை ஆளில்லாத இடமா? இல்லீங்க. க்ளோண்டைக் ஆறு யூக்கோனில் சேரும் இடத்தில் ட்ரோண்டெக் ஹ்வெச்சின் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சால்மன் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். தங்கம் தேடி வந்த கூட்டம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவர்களுடைய தலைவர் ஐசக், தம் மக்களை ஆற்றின் கீழ்ப்பக்கம் உள்ள மூஸ்ஹைடுக்கு அழைத்துச் சென்றார்.

மார்த்தாவின் துணிச்சல் உண்மை. அந்த மக்கள் இடம் பெயர்ந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது. 'தங்க வேட்டையின் விளைவுகள்' என்று கேள்வி வந்தால் இரண்டையும் எழுதுங்க. மார்த்தாவுக்கு மூன்று பத்தி கொடுத்தால், மூஸ்ஹைடுக்கு ஒரு பத்தியாவது கொடுங்க.

ஆசிரியர்களே, வகுப்பில் இப்படியும் கேட்டுப் பாருங்கள்: இதே கதையை ஐசக் சொல்லியிருந்தால் முதல் வரி என்னவாக இருக்கும்?