களத்துமேட்டில் ஏரிக்கு ஒரு பங்கு: தொண்டை நாட்டுக் குடிமராமத்தின் வரலாறு

சென்னையிலிருந்து காஞ்சிக்கும் பெங்களூருக்கும் செல்லும் நெடுஞ்சாலையில், மதுரவாயலுக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையே அமைந்த ஊர் வேலப்பன்சாவடி. ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்கும் 'சாவடி' என்னும் சொல், வழிச்செல்வோர் தங்கும் இடத்தையும், ஊரார் கூடிப் பேசும் மண்டபத்தையும், வரி தண்டும் இடத்தையும் ஒருங்கே குறித்து வழங்கியதாகும். இவ்வூருக்கு வடக்கே கூவம் ஆற்றங்கரையில் மூர்க்க நாயனார் தோன்றிய திருவேற்காடு உள்ளது. மேற்கே திருக்கச்சி நம்பியின் பூவிருந்தவல்லியும், அதற்கும் அப்பால் திருமழிசையும், தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரியும், தெற்கே சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் அமைந்துள்ளன. பக்தி இலக்கியம் பயின்றார்க்கு இவை பாடல் பெற்ற பெயர்களாகவும் அடியார் பெயர்களாகவும் நினைவுக்கு வரும். ஆயின் இவ்வூர்களையெல்லாம் ஒன்றோடொன்று பிணைத்து நின்றது நீர். அந்நீரைப் பேணுதற்கு ஊரார் கண்ட வழியும், அவ்வழி முறிந்த வரலாறும் இப்பகுதியிலேயே தெளிவாகக் காணக்கிடக்கின்றன.

தொண்டை நாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் பேராறு இல்லை. ஐப்பசி கார்த்திகை மழை சில வாரங்களில் பெய்து தீர்ந்துவிடும். அதனைத் தேக்கி வைத்தாலன்றித் தைக்குப் பின் உழவு இல்லை. எனவே இங்குள்ள மக்கள் சரிவான நிலத்தில் மூன்று பக்கம் கரை எழுப்பி, மேட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டு, ஏரி கண்டனர். மேல் ஏரி நிறைந்து கலங்கல் வழிய, அந்நீர் கீழ் ஏரிக்கு வரத்தாகும். இவ்வாறு சங்கிலித் தொடராக அமைந்த ஏரிகள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 எனக் கணக்கிடுவர். கூவம் ஆற்றில் வரும் வெள்ளம் கொரட்டூர் அணைக்கட்டில் திருப்பப்பட்டுப் பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கத்தைச் சேர்வதும் இத்தகைய பிணைப்பே. (இக்கொரட்டூர், அம்பத்தூரை அடுத்துள்ள கொரட்டூர் அன்று, பெயர் ஒற்றுமையால் பலரும் மயங்குவதுண்டு.) ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த ஊர் வாடும், ஒரு கலங்கல் அடைபட்டால் மேல் ஊர் மூழ்கும். ஆகவே ஏரி காத்தல் ஒரு வீட்டார்க்கோ ஓர் ஊரார்க்கோ மட்டும் உரிய செயலாக இருத்தல் இயலாது.

நீர்நிலை காண்பதை அறத்தின் தலையாய கூறாகத் தமிழிலக்கியம் வைத்துள்ளது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை புறநானூற்றில் உள்ளது. போர் வெற்றியைப் பாடவேண்டிய இடத்தில் நின்று, பள்ளம் கண்டு நீரைத் தேக்குக என்று சொன்ன துணிவு அப்புலவருடையது. காரியாசான் தம் சிறுபஞ்சமூலத்தில் குளம் தோண்டுதல், அதனைச் சூழ மரம் நடுதல், வழி அமைத்தல், தரிசை வயலாக்குதல், கிணறு எடுத்தல் என்னும் ஐந்தையும் ஒரே செய்யுளில் அடுக்குகின்றார். இக்காலத்தார் ஊர் வளர்ச்சித் திட்டம் எனக் கூறுவன பெரும்பாலும் இவ்வைந்தனுள் அடங்கிவிடுகின்றன.

இலக்கியம் கூறிய அறத்தைக் கல்வெட்டு நிருவாகமாகக் காட்டுகின்றது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் பெரிதும் போற்றப்படுவன. அவற்றுள் ஏரி வாரியத்திற்கு அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்னும் செய்தி உண்டு. ஏரியைப் பேண விடப்பட்ட நிலத்திற்கு 'ஏரிப்பட்டி' என்று பெயர். ஓடங்களைக் கொண்டு ஏரியின் அடிமண்ணை எடுத்துக் கரையில் இடுவதற்குப் பொன்னும் நெல்லும் அறக்கட்டளையாக வைத்த செய்திகளும் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. இன்றைய ஏரித் திட்டங்கள் பலவற்றில் கரைக்கும் மதகுக்கும் பணம் ஒதுக்கப்படுகின்றது. ஆண்டுதோறும் தூர் எடுக்கவோ நிலையான ஒதுக்கீடு காணல் அரிது. அன்றையோர் தூர் எடுப்பதற்கே முதல் வைத்தனர் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. எனினும் மிகைபடப் புகழ்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். வாரியத்தில் இடம்பெற நிலமும், சொந்த மனையில் வீடும், மறைக் கல்வியும் வேண்டியிருந்தன. கூடையில் மண் சுமந்தவர் பெயர் குடத்தில் இடப்பட்ட ஓலைகளுள் இருந்திராது.

'குடிமராமத்து' என்னும் சொல்லே ஒரு வரலாற்றுச் சான்றாகும். முற்பகுதி தூய தமிழ். பிற்பகுதி அரபு மொழியிற் பிறந்து பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. சர்க்கார் செய்யும் செப்பம் ஒன்று, குடிகள் செய்யும் செப்பம் மற்றொன்று எனப் பிரித்துக் காட்டவேண்டிய தேவை எழுந்த பின்னரே இச்சொல் வழக்கிற்கு வந்திருத்தல் கூடும். பிரிவு தோன்றாத காலத்தில் தனிப்பெயருக்கு இடமில்லை.

அக்காலத்தின் இறுதிக் காட்சியை 18ஆம் நூற்றாண்டுக் கணக்குகள் காட்டுகின்றன. ஆற்காட்டு நவாபு முகம்மது அலி 1763இல் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்குச் சாகீராக வழங்கினார். தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அச்சீமையை அளந்து, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் விவரங்களைப் பதிவு செய்தார். அவற்றின் மூலமாகிய ஊர்க்கணக்கு ஓலைகளைத் தரம்பால் வழிவந்த ஆய்வாளர்கள் 1980களுக்குப் பின் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவற்றால் அறியப்படும் முறை எளிது. அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல் குவிந்தவுடன், அரசுக்கும் நிலமுடையார்க்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே, பொலியிலிருந்து சில பங்குகள் எடுக்கப்படும். இவற்றை மேரை என்றும் சுதந்திரம் என்றும் வழங்கினர். கோயிலுக்கு ஒரு பங்கு. கணக்கர், தலையாரி, வெட்டியான், தச்சர், கருமான், குயவர், வண்ணார், நாவிதர் ஆகியோர்க்கு ஒவ்வொரு பங்கு. அவற்றோடு ஏரிக்கும் ஒரு பங்கு. இவையன்றி வரியில்லா மானிய நிலங்களும் இருந்தன.

இதன்கண் உள்ள நுட்பம் கருதத்தக்கது. ஏரிக்குரிய செலவு எவருடைய கருணையையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. விளைந்தால் பங்கு உண்டு. பங்கு சென்றால் ஏரி செப்பமாகும். ஏரி செப்பமானால் அடுத்த ஆண்டு விளையும். பணம் ஊரைவிட்டு வெளியேறி, கருவூலம் சென்று, ஆணையாகத் திரும்பி வரவேண்டிய தேவையே எழவில்லை.

கும்பினியாரின் கணக்கிலோ இப்பங்குகள் வருவாய் இழப்பாகத் தோன்றின. 1794 முதல் 1798 வரை சாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இவ்வரலாற்றில் இருமுகம் காட்டும் மனிதர். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் இராமனும் இலக்குவனும் வில்லேந்திக் காவல் நின்றதை அவர் கண்டார் எனவும், அதனால் தாயார் சந்நிதியைக் கட்டுவித்தார் எனவும் ஏரிகாத்த இராமர் கோயிலின் மரபு கூறும். ஏரிகளைச் செப்பனிடுவதில் அவர் காட்டிய ஊக்கமும் உண்மையே. ஆயின் அதே பிளேஸின் காலத்தில்தான் களத்துமேட்டுப் பங்கு குறித்துப் பூவிருந்தவல்லிப் பகுதி மிராசுதாரர்க்கும் கும்பினிக்கும் கடும் பூசல் மூண்டது. மிராசுதாரர் பலர் உழவை நிறுத்தி ஊரைவிட்டு வெளியேறினர். பிளேஸ் அவர்களுடைய நிலங்களை வேறு குடிகளுக்கு அளித்தார். வேலப்பன்சாவடியைச் சூழ்ந்த இதே மண்ணில் நிகழ்ந்த அப்பூசலைப் பங்குச் சண்டை என்று மட்டும் கொள்ளுதல் போதாது. விளைவை முதலில் பிரிப்பவர் யார், ஊரா அரசா என்னும் வினாவே அதன் உள்ளீடு. 1802இல் சீமை முட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டபோது அவ்வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது.

இவ்விடத்தில் எல்லிசனை நினையாதிருத்தல் இயலாது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், மிராசு உரிமை பற்றிய விரிவான ஆய்வை 1818இல் எழுதியவர். அதே ஆண்டில் நகரில் தண்ணீர்ப் பஞ்சம் தோன்றவே 27 கிணறுகள் வெட்டுவித்து, அச்செய்தியைத் தமிழ்ச் செய்யுட் கல்வெட்டாக இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் பொறித்தார். நாட்டின் உறுப்புகளுள் நீரை முதற்கண் வைக்கும் திருக்குறளையும் அதில் எடுத்தாண்டார். குறளறிந்த அதிகாரி கிணறு வெட்டினார். ஏரிப் பங்கைத் திருப்பித் தரும் ஆற்றல் குறளுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

பங்கு போனபின் வேலையும் நின்றது. இதனைக் குடிகளின் சோம்பலாகக் கண்ட ஆட்சியாளர், 1858இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தை இயற்றினர். வழக்கப்படி செய்யவேண்டிய கரை வேலைக்கு வாராதவர் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு செலுத்தவேண்டும் என்பது அதன் விதி. நெல்லால் நிகழ்ந்ததைத் தண்டத்தால் நிகழ்த்த முயன்ற அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1876-78 பெரும்பஞ்சத்திற்குப் பின்னரே அரசு விழித்துக்கொண்டு, 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தால் ஏரிகள் அளக்கப்பட்டன, குறிப்பேடுகள் எழுதப்பட்டன. அளவைகள் இன்றும் பயன்படுவன. ஆனால் ஏரி அப்போதே அலுவலகத்தின் பொருளாகிவிட்டது.

பழைய முறையை எண்ணி ஏங்குவோர் மறந்துவிடும் பக்கம் ஒன்றுண்டு. களத்துமேட்டில் வெட்டியானுக்குப் பங்கு இருந்தது என்பது மெய். அப்பங்கின் மறுபுறம் அவன் விட்டு நீங்க முடியாத கட்டாயமும் இருந்தது. மிராசுதாரரின் படியாட்களாகப் பிறந்து படியாட்களாகவே மடிந்தவர்களே பெரும்பாலும் கரையை உயர்த்தினர், மதகில் மூழ்கினர், உடைப்பை அடைத்தனர். செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் நிலைபற்றி எழுதிய அறிக்கை, அம்மக்கள் குடியிருந்த மனையும் தமதன்று என்பதைக் காட்டியது. 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது அதன் பயனே. குடிமராமத்தில் 'மராமத்து' செய்தவர் ஒருவர். 'குடி' எனக் கணக்கில் ஏறியவர் வேறொருவர். மரபை மீட்பதாகச் சொல்வோர் இவ்விரண்டனுள் எதனை மீட்கின்றனர் என்பதைத் தெளிவுபடுத்தல் வேண்டும்.

ஊர்களின் ஏரியை நகரம் எடுத்துக்கொண்டது அடுத்த கட்டம். 1872இல் புழல் ஏரி சென்னைக்குக் குடிநீர் தரத் தொடங்கியது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் நிறைவுற்றது. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்திற்குப் பின், நூறு ஏக்கருக்குமேல் பாசனமுள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தன. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பகுதிகளில் ஆயக்கட்டு வயல்கள் மனைகளாயின. வயல் மறைந்தால் மதகு வேண்டாத பொருள். மதகு பயனற்றதானால் வாய்க்கால் வெற்றிடம். வெற்றிடம் பட்டாவாக மாறுதற்கு நெடுநாள் தேவையில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் விடப்பட்டபோது, மறந்துபோன வாய்க்கால்கள் யாவும் எங்கிருந்தன என்பதை வெள்ளம் காட்டிற்று. நான்கு ஆண்டுகளுக்குள், 2019 கோடையில், அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடக்க, சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது.

இவ்விரண்டுக்கும் இடையே, 2017 மார்ச்சில், தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே 100 கோடி ரூபாயில் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை வென்ற மணிமங்கலத்தின் ஏரியில் அதன் தொடக்க விழா நடைபெற்றது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசன விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தருதல் வேண்டும் என்பது விதி. பங்கு என்னும் கருத்து இரு நூற்றாண்டுக்குப் பின் திரும்பி வந்ததாக மகிழலாம். ஆயினும் திசை மாறியிருத்தல் கவனிக்கத்தக்கது. முன்னர் விளைவிலிருந்து ஏரிக்குப் பங்கு சென்றது. இப்போது அரசுத் தொகைக்குக் குடிகள் பங்கு சேர்க்கின்றனர். சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே வேலை எடுத்தனர் என்னும் குறையும் பல இடங்களிலிருந்து எழுந்தது.

பாசன அமைப்பு மேலாண்மை குறித்த 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆயக்கட்டில் நிலம் உடையவரே நீர்ப்பயன்படுத்துவோர் சங்க உறுப்பினர் ஆவர். வேலப்பன்சாவடியில் வாடகைக்குக் குடியிருப்பவர், திருவேற்காட்டில் கூவம் பெருகும்போது பொருள்களைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுபவர், செம்பரம்பாக்கத்து நீரைக் குடிப்பவர் ஆகிய எவருக்கும் அச்சங்கத்தில் இடமில்லை. அன்று மண் சுமந்தவர் குடியாக எண்ணப்படவில்லை. இன்று நீரருந்துபவர் எண்ணப்படவில்லை.

2017இலேயே ஏரிகளின் வண்டலை உழவரும் குயவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளச் சிறுகனிம விதிகள் தளர்த்தப்பட்டன. ஏரியில் ஆழம் கூடவும், வயலில் உரம் சேரவும், சூளையில் பானை வேகவும் வழிசெய்த பழைய ஏற்பாடு அது. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 364 கோடி கன அடிக்கு மேற்பட்டது. 2007 முதல் அதன் கரையில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மை செய்யும் நிலையம் இயங்குகின்றது. வண்டலை ஏற்க வேலப்பன்சாவடியைச் சுற்றி இன்று வயல் அரிது. எடுத்தாலும் அது மேற்கே வெகுதொலைவு செல்லவேண்டும். நீர் கிழக்கே செல்கின்றது.