ஆதிச்சநல்லூர் எலும்புகளும் தாடை எலும்புப் புற்றைத் துணிதலும்

தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டை 1876இல் ஜெர்மானியரான யாகோர் அகழ்ந்தார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக ஆய்ந்தார். அங்குக் கிடைத்த மண்டையோடுகளைப் பற்றி 1930இல் சக்கர்மனும், 1963இல் சட்டர்ஜி, குப்தா ஆகியோரும் எழுதினர். இவ்வாய்வுகளின் முதன்மை நோக்கம் இனவகைப்பாடே. நோய்க்குறிகளைத் தேடுதல் அன்று.

இவ்வெலும்புகளை நோயியல் நோக்கில் மீளாய்வோர்க்குக் கென்யாவின் கானம் தாடை ஓர் எச்சரிக்கை. 1932இல் லீக்கியின் குழு கண்டெடுத்த அத்தாடையின் முகவாய்ப் புடைப்பு, முதலில் எலும்புப் புற்று எனத் துணியப்பட்டது. பிற்கால ஆய்வாளர் சிலரோ முறிவு ஆறியதன் தழும்பு என்றனர்.

தாடையில் எலும்புப் புற்று தோன்றுவது அரிது. கதிர்போல் விரியும் புதிய எலும்பும் ஒழுங்கற்ற அரிப்பும் அதன் குறிகளாகலாம். எலும்புச் சீழழற்சியிலும் புதிய எலும்பு வளரும். எனினும் சீழ் வடிந்த துளையும் மாண்ட எலும்புத் துண்டும் அதனை வேறுபடுத்த உதவும். உயிருள்ள நோயாளியிடம் திசு ஆய்வு ஐயத்தைத் தீர்க்கும். தாழியிலிட்ட எலும்பில் மென்திசு எஞ்சுவதில்லை. மண்ணரிப்பும் நோயரிப்புப் போலத் தோன்றும்.

ஆகவே புறவடிவம், ஊடுகதிர்ப் படம், எலும்பின் நுண்ணமைப்பு ஆகிய மூன்றும் ஒத்துவரும்வரை ‘புற்று’ எனப் பெயரிடாமல், ‘ஐயத்திற்குரிய மாற்றம்’ எனப் பதிவதே முறை. எலும்பைச் சிதைக்காது பேணினால்தான் பின்வருவோர் அம்முடிவைச் சரிபார்க்க இயலும்.