வில் விலையும் அம்பு விலையும்: கற்பனை ஆட்டங்களின் ஆயுதப் பட்டியலும் அயினி அக்பரியும்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசைக் கற்பனை ஆட்டத்தின் முதல் பதிப்பில் வாள் 10 பொற்காசு, குறுவில் 25, நெடுவில் 40, கூட்டுவில் 50. நெடுவில் வாளைவிட நான்கு மடங்கு விலை பெறும் இந்தப் பட்டியல் ஐம்பது ஆண்டுகளாகப் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டு வந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் நெடுவில் 50, வாள் 15. விகிதம் கொஞ்சம் தளர்ந்ததே தவிர தலைகீழாகவில்லை. இந்த விலைகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்குக் கைகாக்ஸே ஒரு விடை தந்துவிட்டதால் பின்வந்தவர்கள் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். அந்த விடை வில்லுக்கும் அம்புக்கும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் கைகாக்ஸ் சொல்வது இது: வீரர்கள் உலவும் இடத்தில் பணம் புழங்குகிறது, தங்க வேட்டைக் காலத்து அலாஸ்கா நகரங்களில் ஒரு முட்டை ஒரு டாலருக்கு விற்றதுபோல, புதையல் தேடிகள் கூடும் ஊரில் விலைவாசி ஏறித்தான் இருக்கும். கெட்டிக்காரத்தனமான விளக்கம்தான். பட்டியலில் எது அதிகமாகத் தெரிந்தாலும் 'அலாஸ்கா' என்று சொல்லிவிடலாம்.

ஆனால் தங்க வேட்டையில் முதலில் ஏறுவது கூலி. ஆட்கள் சுரங்கத்துக்கு ஓடிவிடுவதால் மூட்டை தூக்கக்கூட ஆள் கிடைக்காது. கிடைப்பவன் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். கைகாக்ஸின் ஊரில் என்ன நடக்கிறது? அடுத்த ஆண்டே, 1979இல், ஆட்டத்தை நடத்துபவருக்காக அவர் எழுதிய கையேட்டில் நெடுவில் ஏந்திய கூலிப்படை வீரனுக்கு மாதச் சம்பளம் 4 பொற்காசு. 1978 பட்டியலில் நெடுவில்லின் விலை 60. அந்த வீரன் தன் கையிலிருக்கும் வில்லை வாங்க வேண்டுமானால் உண்ணாமல் உடுக்காமல் பதினைந்து மாதம் உழைக்க வேண்டும். பொருள் மட்டும் விண்ணில் ஏறிக் கூலி மண்ணில் கிடக்கும் தங்க வேட்டை எந்த நாட்டிலும் நடந்ததில்லை.

இன்னொன்றையும் கைகாக்ஸின் தரப்பினர் கவனிப்பதில்லை. 1974 பட்டியலில் 20 அம்பு 5 பொற்காசு. அலாஸ்கா விளக்கத்தைத் தாங்கி வந்த 1978 பட்டியலில் பன்னிரண்டு அம்பு 1 பொற்காசு; அதாவது இருபதுக்கு ஒன்றே முக்கால்கூட இல்லை. நெடுவில் 40இலிருந்து 60க்கு ஏறுகிறது, அம்பு மூன்றில் ஒரு பங்காக இறங்குகிறது. போதாததற்குக் குறுவில் 25இலிருந்து 15க்கு விழுகிறது. விலைவாசி ஏறியது என்றால் எல்லாமல்லவா ஏற வேண்டும்? அதுவும் முட்டையைப்போல அன்றாடம் தீர்ந்துபோகும் சரக்கு அம்புதான். அவருடைய சொந்த எடுத்துக்காட்டின்படியே முதலில் ஏறியிருக்க வேண்டியது அது.

1974 பட்டியலில் அம்புக்கு இரண்டு வரிகள் உண்டு என்பதை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். 20 அம்புள்ள தூணி 10 பொற்காசு. வெறும் 20 அம்பு 5. ஆக, தூணிக்கு மட்டும் 5. டாம் மோல்ட்வே 1981இல் தொகுத்த அடிப்படைப் பதிப்பில் இரண்டு வரியும் ஒன்றாகி, 20 அம்புள்ள தூணியே 5 ஆகிவிடுகிறது. நெடுவில் 40, குறுவில் 25 என்பவை அப்படியே இருக்க, தூணி மட்டும் இலவசமாகிவிட்டது. இதைப் பொருளியல் காரணம் சொல்லி விளக்க முடியாது. தொகுத்தவர் பட்டியலைச் சுருக்கினார், விலை தானாக விழுந்தது. பதிப்பு வரலாற்றில் இத்தகைய கைத்தவறுகளுக்கும் பங்குண்டு என்று வைத்துக்கொள்வதே நல்லது.

சரி, உண்மை விலை என்ன? நம் கல்வெட்டுகளில் தேடிப் பயனில்லை. இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வில்லிகள் பெயரால் படைப்பிரிவுகள் வருகின்றன. ஒரு நுந்தா விளக்குக்கு 96 ஆடு என்ற கணக்கு ஊருக்கு ஊர் வருகிறது. ஆனால் வில்லின் விலையைக் கோயில் சுவரில் வெட்டி வைக்க யாருக்கும் தேவையிருக்கவில்லை. அந்தத் தேவை இருந்தது அக்பரின் அரண்மனைக்கு. அபுல் ஃபசலின் அயினி அக்பரியில் அரசு ஆயுதசாலையைப் பற்றிய பகுதியில், ஆயுதங்களை வரிசையிட்டு ஒவ்வொன்றுக்கும் குறைந்த விலை, கூடிய விலை இரண்டும் தரப்பட்டுள்ளன. 1873இல் வெளிவந்த பிளாக்மனின் மொழிபெயர்ப்பு வழியாகவே இதைப் பலரும் அறிவர்.

வாள் அரை ரூபாயிலிருந்து 15 முகர் (முகலாயப் பொற்காசு) வரை. வில் கால் ரூபாயிலிருந்து 3 முகர் வரை. அம்பு, கட்டுக்கு, அரை ரூபாயிலிருந்து 30 ரூபாய் வரை. தூணி கால் ரூபாயிலிருந்து 2 முகர் வரை.

நான்கே வரிகள், ஆனால் ஆட்டப் பட்டியலின் அடித்தளத்தையே அசைப்பவை. கடைநிலையில் வில் வாளின் பாதி விலை. தூணியும் வில்லும் ஒரே விலை; மோல்ட்வே இலவசமாகக் கொடுத்த தூணி! அம்புக் கட்டு வில்லைப்போல இரு மடங்கு. உச்சநிலையிலும் இதே கதைதான்: முகருக்கு 9 ரூபாய் என்ற கணக்கில் மிக உயர்ந்த வில் 27 ரூபாய், மிக உயர்ந்த அம்புக் கட்டு 30. இரு முனையிலும் அம்பே விஞ்சி நிற்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஒரு கட்டில் எத்தனை அம்பு என்பது அந்த வரியில் இல்லை. நூறு இருந்தால்? இருக்கட்டும். அரை ரூபாய் என்பது 20 தாம் (செப்புக்காசு). நூறு அம்புக்கு 20 தாம் என்றால் இருபது அம்புக்கு 4 தாம், வில்லுக்கு 10 தாம். வில் அம்பைவிட இரண்டரை மடங்கு. ஐந்தாம் பதிப்பில் வில் 50, இருபது அம்பு 1. கட்டை எவ்வளவு பெரிதாக்கிப் படித்தாலும் ஐம்பது மடங்கை எட்ட முடியாது.

இங்கிலாந்துப் பதிவுகளும் இதையே சொல்கின்றன. மூன்றாம் எட்வர்டு 1341 அளவில் வாங்கிக் குவித்த வெறும் வில் 12 பென்னி, வண்ணம் தீட்டியது 18 பென்னி, 24 அம்புள்ள கட்டு 14 பென்னி. அம்புக்கு ஏன் இவ்வளவு? ஒரு மூங்கிலையோ மரச் சிம்பையோ அனலில் வாட்டி நேராக்க வேண்டும், கொல்லனிடம் முனை அடிக்க வேண்டும், மூன்று இறகைச் சீவி ஒட்டிக் கட்ட வேண்டும், நாண் ஏறும் காடி வெட்ட வேண்டும். இருபத்து நான்கு தடவை. லண்டனில் வில் செய்பவர்களும் அம்பு செய்பவர்களும் 1371இல் தனித்தனித் தொழிலாகப் பிரிந்துகொண்டது சும்மா அல்ல. 1417இல் ஐந்தாம் ஹென்றி ஒவ்வொரு வாத்திடமிருந்தும் ஆறு இறகு திரட்டச் சொல்லி அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். வில்லைவிட அம்புதான் அரசர்களின் தூக்கத்தைக் கெடுத்தது.

இனிக் கூலியோடு சேர்த்துப் பார்ப்போம். அயினி அக்பரியில் தண்ணீர் சுமப்பவர்களில் இரண்டாம் தரத்தாருக்கு நாளுக்கு 2 தாம். அப்படியானால் கடைநிலை வில் ஐந்து நாள் கூலி. நாளுக்கு 3 பென்னி வாங்கிய இங்கிலாந்துக் காலாள் வில்லாளிக்கு வெறும் வில் நான்கு நாள் சம்பளம். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு இடைவெளி கொண்ட இரண்டு நாடுகள், ஏறத்தாழ ஒரே எண். இங்கிலாந்தில் வில்லுக்கான யூ மரத்தை இறக்குமதி செய்ய வேண்டிவந்து, 1482இல் சட்டம் போட்டு 3 ஷில்லிங் 4 பென்னிக்கு மேல் விற்காதே என்று தடுத்த காலத்திலும், 6 பென்னி நாட்சம்பளத்துக்கு அது ஒரு வாரத்தைத்தான் எட்டியது. ஐந்தாம் பதிப்பில் பயிற்சியற்ற கூலியாளுக்கு நாளுக்கு 2 வெள்ளிக்காசு. 50 பொற்காசு வில்லுக்கு அவன் 250 நாள் உழைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாளுக்கு 600 ரூபாய் வாங்கும் ஒருவரை வைத்துச் சொன்னால், அயினி அக்பரியின் வில் 3,000 ரூபாய். ஆட்டத்தின் வில் 1,50,000 ரூபாய், புது மோட்டார் சைக்கிள் விலை.

அதே ஐந்தாம் பதிப்பில் 20 அம்பு 1 பொற்காசு, அதாவது ஐந்து நாள் கூலி. இங்கிலாந்துக் கணக்கில் 20 அம்புக்கு நான்கு நாள் வரும். அம்பின் விலை இன்று நடப்புக்கு அருகில் வந்து நிற்கிறது! ஐம்பது ஆண்டில் அம்பு மட்டும் அலாஸ்காவிலிருந்து ஊர் திரும்பிவிட்டது. வில் அங்கேயே இருந்துவிட்டது. யதார்த்தம் தேடி யாரும் அம்பை இறக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. அம்பை எண்ணி எண்ணிக் கழிப்பது மேசையில் உட்கார்ந்தவர்களுக்குச் சலிப்பு. சண்டை முடிந்ததும் எய்த அம்பில் பாதியைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்ற ஐந்தாம் பதிப்பின் விதியும் அந்தச் சலிப்பின் பிள்ளையே. வில்லோ ஒரே முறை வாங்குவது. 1974இல் புதிய வீரனின் மடியில் மூன்று பகடை உருட்டிப் பத்தால் பெருக்கிய தொகை, சராசரி 105 பொற்காசு. தகட்டுக் கவசம் 50. கவசமும் நெடுவில்லும் சேர்த்து வாங்கினால் மிஞ்சுவது 15. அந்த இக்கட்டை உண்டாக்கவே வில்லுக்கு 40 வைக்கப்பட்டது என்பது என் கருத்து. விசைவில் அதே பட்டியலில் 15, 25 என்று நெடுவில்லுக்குக் கீழே கிடப்பதும் இதற்கு ஒத்துப்போகிறது: செய்வதற்குக் கடினம், ஆனால் எய்வதற்கு மெதுவானது, விலை எய்யும் வேகத்துக்குத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இதற்கு நேரடிச் சான்று காட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைகாக்ஸ் 1971இல் ஜெஃப் பெரனுடன் எழுதிய 'செயின்மெயில்' போர் ஆட்டத்திலிருந்து வந்தவர். படையின் வலிமையை எண்ணால் அளந்து பழகிய கை அது.

அயினி அக்பரியின் எண்களை அப்படியே தெற்கே கொண்டுவரலாமா என்பது வேறு கேள்வி. நூல் 1590களில் நிறைவுற்றது. விலைகள் எந்த ஆண்டினவை என்பது தீர்மானமாகவில்லை. ஆயுத விலையும் கூலியும் ஒரே காலத்தவை என்று நான் கொண்டது வசதிக்காகவே. அரண்மனையில் 'கமான்' என்றால் கொம்பும் நரம்பும் மரமும் பசையால் ஒட்டிய கூட்டுவில்தான் முதலில் நினைவுக்கு வரும். பசை உலரவே மாதங்கள் பிடிக்கும் அந்த வில்லைக் கால் ரூபாய்க்கு யாரும் தர மாட்டார்கள். எனவே அந்தக் கடைநிலை விலை வெறும் மூங்கில் வில்லுக்கானது என்று படிக்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கவரைப்பேட்டை, பொன்னேரி, பழவேற்காடு வட்டாரத்தை ஆட்டக்களமாக எடுப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். டச்சுக்காரர் பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுப்பிப் பின்னர் வெடிமருந்தும் செய்த காலம் என்று வைத்துக்கொண்டால், ஏரிக்காற்றின் ஈரத்தில் கூட்டுவில்லின் பசை விட்டுப்போகும்; அதை வைத்திருப்பவன் பணக்காரன், அல்லது வெளியூர்க்காரன். உள்ளூர் வில்லுக்கு அர்த்தசாத்திரமே வழிகாட்டுகிறது: வில் செய்யும் பொருள்களில் பனையையும் மூங்கிலையும் அது சேர்த்திருக்கிறது. கூரைக்குப் பனங்கை அறுக்கும் தச்சன், கறுத்த வெளிவைரத்தில் நாலு விரல் அகலத்துக்குச் சிம்பு கிழித்துச் சீவினால் வில் ஆகிவிடும். நானாக இருந்தால் பனை வில்லுக்கு ஐந்து நாள் கூலி, அம்பு இருபதுக்கு நான்கு நாள், தூணிக்கு வில்லளவு என்று பட்டியலிடுவேன். கூட்டுவில்லுக்கு மட்டும் ஆட்டக்காரர் இப்போது கொடுக்கும் விலையை வாங்கிக்கொள்ளலாம்.