மறு உத்தரவு வரும் வரை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்தால் பேச்சு பென்ஷனில் தொடங்கி, சர்க்கரையில் புகுந்து, கடைசியில் தூக்கத்தில் வந்து நிற்கும். "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது சார், அப்புறம் விடியற வரைக்கும் விட்டத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கேன்" என்பார் ஒருவர். "நான் பாதி மாத்திரை போட்டுக்கறேன், ஒரு தொந்தரவும் இல்லை" என்பார் இன்னொருவர். எத்தனை வருஷமாக என்று கேட்டால் பத்து, பன்னிரண்டு என்று பதில் வரும்.

அந்தப் பாதி மாத்திரையின் சரித்திரத்தைத்தான் இன்று எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். கோப்பு புரட்டி ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தச் சரித்திரத்தில் ஒரு குமாஸ்தாவுக்கு நன்றாகப் புரியும் சங்கதி ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் தூக்கத்துக்கு அபினை விட்டால் பெரிதாக வேறு மருந்து இல்லை. 1869-இல் பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைக் என்பவர் குளோரல் ஹைட்ரேட் என்ற மருந்தைத் தூக்கத்துக்காக அறிமுகப்படுத்தினார். அபினைவிட நல்லது என்று வரவேற்றார்கள். சில வருஷங்களிலேயே குளோரலுக்கு அடிமையானவர்களைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. 1903-இல் எமில் ஃபிஷரும் யோசெஃப் ஃபான் மெரிங்கும் வெரோனாலைக் கொண்டுவந்தார்கள். ஃபிஷர் அதற்கு முந்தைய வருஷம்தான் ரசாயனத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர். 1912-இல் அதே பார்பிட்டியூரேட் குடும்பத்தில் இன்னொன்று வந்தது. ஜெர்மானியர் அதை லுமினால் என்று விற்றார்கள்; பிரெஞ்சுக்காரர் கார்டெனால் என்றார்கள். வலிப்பு நோய்க்காக இந்தப் பெயர் நம் பக்கத்திலும் பல வீடுகளுக்குப் பழக்கம்.

பார்பிட்டியூரேட்டில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. தூங்க வைக்கும் அளவுக்கும் உயிரை எடுக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. 1962-இல் மர்லின் மன்றோ இறந்தபோது, பார்பிட்டியூரேட் நஞ்சு என்றுதான் மரண விசாரணை சொன்னது. நாம் பள்ளியில் இருந்த காலத்துச் செய்தி அது.

"முற்றிலும் தீங்கற்றது" என்று 1957-இல் மேற்கு ஜெர்மனியில் ஒரு தூக்க மாத்திரை கடைக்கு வந்தது. அதுதான் தாலிடோமைடு. கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டதால் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் ஊனத்தோடு பிறந்தன. 1961 நவம்பரில்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

இதற்கெல்லாம் பிறகு, ரோஷ் கம்பெனியில் வேலை பார்த்த லியோ ஸ்டெர்ன்பாக் என்ற ரசாயனர் கண்டுபிடித்த லிப்ரியம் 1960-இலும், வேலியம் 1963-இலும் வந்தன. நியாயமாகச் சொன்னால் இவை உண்மையிலேயே முன்னேற்றம். இவற்றை மட்டும் அதிகமாக விழுங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்திலிருந்து வந்தவைதான் நைட்ரஜெபம், லோரசெபம், அல்பிரசோலம், குளோனசெபம் எல்லாம். நம் நண்பர்களின் பாதி மாத்திரை பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இவை பாதுகாப்பானவை என்றார்களே, யாருக்கு? அந்தக் கேள்விக்கு விடை 1975-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சியில் கிடைத்தது. உடலில் சேர்ந்த வேலியத்தில் பாதி வெளியேற எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். இருபது வயதுக்காரருக்குச் சுமார் 20 மணி நேரம். எண்பது வயதுக்காரருக்குச் சுமார் 90 மணி நேரம், அதாவது ஏறக்குறைய நாலு நாள். வயதாக ஆக உடம்பில் சதை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. இந்த மருந்து கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்கிறது. நேற்றைய மாத்திரை போவதற்குள் இன்றைய மாத்திரை வந்து சேர்கிறது. மாத்திரை அதேதான், அதைச் சாப்பிடுகிற உடம்புதான் மாறிவிட்டது. காலையில் மந்தம், மத்தியானம் தள்ளாட்டம், ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் கால் பின்னுவது எல்லாவற்றையும் "வயசாச்சு" என்று நாம் தள்ளிவிடுகிறோம்.

1987-இல் வேய்ன் ரே என்பவரும் அவர் கூட்டாளிகளும் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் 1,021 பேரை, முறியாத 5,606 பேரோடு ஒப்பிட்டார்கள். உடலில் நெடுநேரம் தங்கும் தூக்க மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு 1.8 மடங்காக இருந்தது. வேலியம் கடைக்கு வந்து 24 வருஷம் கழித்து இந்தக் கணக்கு வந்தது. அதற்குள் எத்தனை இடுப்பு முறிந்திருக்கும்!

எங்கள் தெருவில் ஓர் அம்மா, வயது 78. கணவர் இறந்தபோது தூக்கமில்லாமல் தவித்தார். ஒரு மாதத்துக்கென்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு மாதம் ஒன்பது வருஷம் ஆயிற்று. பழைய சீட்டைக் காட்டினால் கடைக்காரர் கொடுத்துவிடுவார். சீட்டு கிழிந்த பிறகு காலி அட்டையே போதுமானதாக இருந்தது. ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு விழுந்தார். இடுப்பில் ஆபரேஷன். அங்கே ஓர் இளம் டாக்டர் அவருடைய மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்து, இதை யார் தொடரச் சொன்னது என்று கேட்டாராம். பிள்ளைகளுக்குப் பதில் தெரியவில்லை. யாரும் தொடரச் சொல்லவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. அடுத்த சில மாதங்களில் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மறதி நோய் வந்துவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது என்னிடம் பேரன்கள் படிப்பைப் பற்றி வரிசையாகச் சொல்கிறார். வாக்கர்தான் மிச்சம்.

ஞாபக சக்தியைப் பற்றி 2012-இல் பொர்தோ நகர ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த மாத்திரைகளைச் சாப்பிட ஆரம்பித்த முதியவர்களிடம் மறதி நோய் அதிகம் காணப்பட்டது என்றார்கள். மாத்திரைதான் காரணமா, அல்லது வரப்போகும் நோய்தான் முதலில் தூக்கத்தைக் கெடுத்ததா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. விழுவதைப் பற்றி அப்படிப்பட்ட வாதம் இல்லை.

1991-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற டாக்டர், முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை முதன்முதலில் வெளியிட்டார். இன்றும் அதைத் திருத்தித் திருத்தி வெளியிடுகிறார்கள். தூக்க மாத்திரைகள் அதில் நிரந்தரவாசிகள். அதே வருஷம் பிரெஞ்சு அரசு, தூக்க மாத்திரைக்கான சீட்டு நாலு வாரத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஆணை போட்டது. அதற்குள் சொல்பிடெம் போன்ற புதிய மாத்திரைகளும் வந்திருந்தன. "இது அந்தக் குடும்பம் இல்லை" என்ற அதே பழைய நற்சான்றிதழோடு. பாரீஸிலிருந்து லீவுக்கு வரும் உறவினர்கள் சாக்லேட்டோடு அதையும் கொண்டுவருவது நம் ஊரில் உண்டு. அந்த பிரான்ஸிலேயே 2017 முதல் அதற்குத் தனிப் பாதுகாப்புச் சீட்டு வேண்டும். பியர்ஸ் பட்டியலிலும் அது ஏறிவிட்டது. இந்தியாவிலும் 2014 முதல் அல்பிரசோலம், டயசெபம், நைட்ரஜெபம், சொல்பிடெம் எல்லாம் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். எத்தனை கடையில் நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது குமாஸ்தா சங்கதிக்கு வருகிறேன். நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சில் டாக்டர் சீட்டுக்கும் அரசு பிறப்பிக்கும் அவசரச் சட்டத்துக்கும் ஒரே சொல்தான்: ஒர்தொனான்ஸ். ஆணை என்றால் அமலுக்கு வரும் தேதி வேண்டும், முடியும் தேதியும் வேண்டும். முடியும் தேதி இல்லாத ஆணை என்ன ஆகும் என்பதை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கென்று உண்டாக்கிய தற்காலிகப் பணியிடம் 'மறு உத்தரவு வரும் வரை' என்ற நாலு வார்த்தையில் இருபது வருஷம் ஓடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. கோப்பை யாரும் திறப்பதில்லை, அவ்வளவுதான். நம் தலைமாட்டு மாத்திரையும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்காக, இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். பல வருஷம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டர் சொல்கிற கணக்கில் வாரக்கணக்காக, மாதக்கணக்காகக் குறைக்க வேண்டும். முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: கனடாவின் கெபெக் மாநிலத்தில், நெடுநாள் மாத்திரை சாப்பிட்ட முதியவர்களுக்கு விஷயத்தை விளக்கி, குறைக்கும் முறையும் சொல்லி, ஒரு சிறு பிரசுரம் கொடுத்தார்கள். 2014-இல் வெளியான முடிவுப்படி, ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் அடியோடு நிறுத்திவிட்டார்கள். பிரசுரம் கிடைக்காதவர்களில் நிறுத்தியவர்கள் 5 சதவீதம். அத்தனை பேருக்கும் வேண்டியிருந்தது யாராவது கோப்பைத் திறந்து காட்டுவதுதான்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரையைத் தனியாக எடுத்து மேஜைமேல் வைத்து, "இது எந்தத் தேதி வரைக்கும் டாக்டர்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.