பொதுப்பணச் சாலையில் சுங்கம்: பென்னலூர் வழித்தடம்

மக்கள் வரிப்பணத்தில் போட்ட நெடுஞ்சாலையில் மக்களிடமே கட்டணம் வசூலிக்கலாமா என்ற கேள்வி இந்தியா முழுவதற்கும் உரியது. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் (பழைய எண் 4, இன்று 48) இருங்காட்டுக்கோட்டை, பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அது அன்றாடச் செலவுக் கணக்காகவே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் நெருங்கிய பகுதி இது. உதிரிபாக லாரி, புதுக்கார் ஏற்றிய டிரெய்லர், ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ் என எல்லாம் இந்தச் சாலையில்தான் ஓடுகின்றன. இவ்வட்டாரத்தார் ‘டோல்கேட்’ என்பது ஸ்ரீபெரும்புதூர் அருகேயுள்ள நெமிலிச் சுங்கச்சாவடியை. மேற்கே வாலாஜாபேட்டை பக்கம் சென்னசமுத்திரத்தில் அடுத்த சாவடி.

சொல்லும் சட்டமும்

சுங்கம் என்பது பழந்தமிழ்ச் சொல். வணிகப் பொருள்மீது அரசு விதித்த வரியைக் குறித்தது. முதலாம் குலோத்துங்கன் அதை நீக்கியதால் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றான். இன்றைய சட்டம் சாவடியில் வாங்குவதை வரி என்று சொல்வதில்லை, கட்டணம் என்கிறது. வரி பொதுக் கருவூலத்தில் சேர்ந்துவிடும். கொடுத்தவர் அதற்கு ஈடாக இன்னதைக் கொடு என்று கேட்க முடியாது. கட்டணம் அப்படியல்ல, வாங்கியவர் சேவை தந்தாக வேண்டும். இந்த விவாதத்தின் வேரே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு கட்டணம் வசூலிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 1995இல் வந்த திருத்தம் தனியாரையும் சாலை போட்டுக் கட்டணம் வாங்க அனுமதித்தது. கட்டண வீதத்தை முடிவுசெய்பவை 2008ஆம் ஆண்டு விதிகள். 2007–08ஐ அடிப்படையாகக் கொண்டு, நான்குவழிச் சாலையில் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 காசு, பஸ், லாரிக்கு 2 ரூபாய் 20 காசு என்று அவை வகுத்தன. ஆண்டுதோறும் 3 விழுக்காடும், மொத்தவிலைக் குறியீட்டு உயர்வில் 40 விழுக்காடும் அதன்மேல் ஏறும். இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை. 2025 ஆகஸ்ட் 15இல் 3,000 ரூபாய்க்கு வந்த ஆண்டுப் பாஸ் சொந்தக் கார், ஜீப், வேனுக்கு மட்டுமே. தொழில்தடத்தின் பாரத்தைச் சுமக்கும் லாரிக்கு அந்தச் சலுகை இல்லை.

சாலை யார் பணம்?

5,846 கி.மீ. நீளமுள்ள தங்க நாற்கர நெடுஞ்சாலைத் திட்டத்தின் ஒரு துண்டுதான் பென்னலூர்ச் சாலை. அத்திட்டத்துக்குப் பெரிய ஊற்று பெட்ரோல், டீசல் மீதான செஸ். 2000ஆம் ஆண்டின் மத்திய சாலை நிதிச் சட்டம் அதற்குச் சட்ட உருவம் தந்தது. போதாததற்குக் கடனும் வாங்கினார்கள். ஆகவே பங்கில் டீசல் போடும்போது ஒரு முறை, வாகன வரி கட்டும்போது ஒரு முறை, சாவடியில் ஒரு முறை என மூன்று முறை பணம் கொடுக்கிறோம் என்று லாரி உரிமையாளர்கள் சொல்வது வெறும் முணுமுணுப்பு அல்ல, கணக்கு.

மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது. செஸ் ஊர்ச் சாலை முதல் ரயில்வே மேம்பாலம் வரை பலவற்றுக்குப் பிரிந்து போகிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கடன் 2022 வாக்கில் சுமார் மூன்றரை லட்சம் கோடி ரூபாயை எட்டியது. சுங்க வருவாய் இல்லாவிட்டால் அந்தச் சுமை, இந்தச் சாலையை ஒருநாளும் பார்க்காதவர் தலையிலும் விழும். பயன்படுத்துபவரே கொடுக்கட்டும் என்ற வாதம் இங்கிருந்து எழுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இதற்கு வேறு விடை கண்டது: 2014இல் வாக்காளர்கள் எண்ணெய், எரிவாயு வரியின் ஒரு பகுதியை நெடுஞ்சாலை நிதிக்குத் திருப்பினார்கள், ஆனால் அதில் ஒரு காசுகூடச் சுங்கச்சாலைக்குப் போகக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

நெமிலி: நீதிமன்றமும் சட்டமன்றமும்

பென்னலூர்ச் சாலையை ஆறுவழியாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. குழியும் மாற்றுப்பாதையுமாகக் கிடந்த காலத்திலும் வசூல் நிற்கவில்லை. மதுரவாயல்–வாலாஜாபேட்டை பகுதியின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்த சென்னை உயர் நீதிமன்றம், 2020 டிசம்பரில் நெமிலி, சென்னசமுத்திரம் இரண்டு சாவடிகளிலும் பாதிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சேவை குறைந்தால் கட்டணமும் குறைய வேண்டும் என்ற கொள்கைக்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2025 ஆகஸ்டில் கேரளத்தின் பாலியேக்கரா சாவடி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே திசையில் நின்றது. வசூலை நிறுத்திவைத்த கேரள உயர் நீதிமன்ற உத்தரவில் தலையிட மறுத்தது.

நகராட்சி எல்லையிலிருந்து 10 கி.மீ.க்குள் பொதுவாகச் சாவடி கூடாது என்கின்றன 2008 விதிகள். இதைக் காட்டி நெமிலி, சென்னசமுத்திரம், பரனூர், வானகரம், சூரப்பட்டு ஆகிய ஐந்தையும் அகற்ற மத்திய அரசை வலியுறுத்தப் போவதாக நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் எ.வ. வேலு 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார். தென்னிந்தியச் சாவடிகள் குறித்த தணிக்கை அறிக்கை 2023 ஆகஸ்டில் வெளிவந்தது. தணிக்கை செய்த தென்னிந்தியச் சாவடிகளில் ஐந்தில் விதிக்கு மாறாக 132.05 கோடி ரூபாய் வசூலானதாக அது கூறியது.

மாநிலச் சாலைகள்

ஒரகடத்தில் குறுக்கிடும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் மாநில அரசின் பணத்தில் அகலமாயின; அங்கே சாவடி இல்லை. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இதற்கு நேர்மாறு. அதைக் கட்டிய நிறுவனங்களுக்கு அரசு தவணை முறையில் பணம் கொடுக்கிறது. சாலையில் போகிறவரிடம் கட்டணமும் வாங்குகிறது. தொழிலை இழுக்க இலவசச் சாலையும், அதே தொழிலின் சரக்கு துறைமுகம் போகக் கட்டணச் சாலையும் என்ற இந்த முரணுக்கு இதுவரை கொள்கை விளக்கம் ஏதும் கண்ணில் படவில்லை.

புது விரைவுச்சாலை

பெங்களூரு அருகே ஹோஸ்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூரில் முடியும் 262 கி.மீ. விரைவுச்சாலைக்கு 2022 மே 26இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இது ‘ஹாம்’ (கலப்பு ஆண்டுத்தொகை) முறையில் கட்டப்படுகிறது. கட்டுமானத்தின்போதே அரசு 40 விழுக்காட்டைத் தந்துவிடும். மீதியை ஆண்டுத் தவணைகளாக வட்டியுடன் கொடுக்கும். வண்டி குறைந்தாலும் ஒப்பந்ததாரருக்கு நட்டமில்லை, கட்டணம் ஆணையத்துக்கே போகும். ஆக, முழுக்கப் பொதுப்பணத்தில் ஒரு சுங்கச்சாலை பென்னலூருக்குப் பக்கத்திலேயே வந்து இறங்குகிறது.

முதலீடு திரும்பி வந்தபின் கட்டணத்தை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்று 2008 விதிகளில் இருந்தது. அந்தக் குறைப்பை 2023 அக்டோபரில் திருத்தம் நீக்கிவிட்டது. முடிவு தேதி இல்லாத கட்டணம், பெயர் எதுவானாலும், வரிதான். சாலைக்கு ஆன செலவு எவ்வளவு, இதுவரை வசூலானது எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் கட்டணப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, வண்டியில் இருந்தபடி படிக்கும் அளவில், நெமிலியில் எழுதிவைக்க வேண்டும்.