தாபோடித் தோட்டமும் மரப்பெரணியும்



புனேயிலிருந்து லோனாவாலா செல்லும் உள்ளூர் இரயில் கட்கியைக் கடந்ததும் தாபோடியில் நிற்கிறது. அவ்வழியே வேலைக்குச் சென்று வரும் தமிழர் பலர். ஆயினும், இவ்வூரில் ஒருகாலத்தில் அரசினர் தாவரத் தோட்டம் ஒன்று இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

பம்பாய் ஆளுநர் சர் ஜான் மால்கம் 1828-இல் அதனை நிறுவினார். 1838-இல் கண்காணிப்பாளராக வந்த மருத்துவர் அலெக்சாண்டர் கிப்சன், படையினருக்கு வேண்டிய மருந்துச் செடிகளை அங்கே பயிர் செய்வித்தார். தோட்டத்தில் நீர் இறைத்து வளர்க்கத்தக்க செடிகள் உண்டு; காட்டின் துணையின்றி வாழாதனவும் உண்டு. பின்னதற்கு நல்ல சான்று மரப்பெரணி.

நம் நீலகிரி, ஆனைமலைச் சோலைகளின் ஓடைக்கரைகளில் இதனைக் காணலாம். பனைபோல் நிமிர்ந்த தண்டின் உச்சியில் இரண்டு மூன்று மீட்டர் நீள இலைகள் குடையாக விரிந்து நிற்கும். சயாத்தியா ஜைஜான்டியா என்பது இவ்வகையில் ஓரினம். இதற்குப் பூவுமில்லை, விதையுமில்லை. இலையின் அடிப்புறத்தில் தோன்றும் தூள்போன்ற சிதல்கள் காற்றில் பரவுகின்றன. ஈரமண்ணில் விழுந்த சிதல், விரல்நகத்தினும் சிறிய பச்சைத் தகடாக வளர்கிறது. அதில் உண்டாகும் ஆண் அணு, மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்திச் சென்றே பெண் அணுவை அடைதல் வேண்டும். அப்படலம் உலர்ந்துவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை.

லோனாவாலாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. புனேயிலோ ஏறத்தாழ 700. இடைத்தொலைவு சுமார் 65 கிலோமீட்டரே. எனினும், மரப்பெரணிக்கு மழை மட்டும் போதாது. மழை ஓய்ந்த பின்னும் ஈரத்தைக் காத்து வைக்கும் நிழல் வேண்டும். அந்நிழலைத் தருவது காடு.

காடழிந்தால் நீரூற்றுகளும் குன்றும் என்பதைக் கிப்சன் அரசினருக்கு எடுத்துரைத்தார். 1847-இல் பம்பாய் மாகாணத்தின் முதற் காட்டுக் காப்பாளரானார். 1861-இல் டால்செல் என்பாருடன் சேர்ந்து பம்பாய்ப் பகுதித் தாவர நூலை வெளியிட்டார். ஈராண்டு கழித்து, காட்டுத்துறை அலுவலர் பெட்டோம் தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிய படநூலைச் சென்னையில் வெளியிடத் தொடங்கினார்.

அத்தோட்டம் இன்றில்லை. அதன் படிப்பினை நிற்கிறது. ஆர்க்கிடு வளர்க்கவென்று மரப்பெரணித் தண்டுகள் வெட்டப்பட்டதனால், அவற்றின் உலக வாணிகத்தைப் பன்னாட்டு ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. வாணிகத்தைத் தடுக்கலாம், நிழலை இழந்த ஓடைக்கரையில் அச்செடியை மீண்டும் வாழவைப்பது எளிதன்று.

தாபோடியருகே முளா ஆற்றோடு கலக்கும் பவனா, லோனாவாலாவுக்குத் தெற்கே மலையில் பிறக்கிறது. பெரணிக்கு ஈரம் காக்கும் மலைக்காடுதான் ஊருக்கும் நீர் காக்கிறது. அடுத்தமுறை பாலத்தைக் கடக்கையில், அந்த மலையை ஒருகணம் நினைவோம்.