ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்களின் பால்: விளக்கங்களின் வரலாறு

1. சிக்கல்

ஜெர்மன் மொழியின் பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால், நடுப்பால் என மூன்றாகப் பகுக்கப்படுகின்றன. பெயருக்கு முன்வரும் டெர், டீ, டாஸ் என்னும் சார்படைகள் இப்பகுப்பைக் காட்டுகின்றன. நிலவைக் குறிக்கும் மோண்ட் ஆண்பால்; கதிரவனைக் குறிக்கும் ஸொனெ பெண்பால்; சிறுமியைக் குறிக்கும் மெட்ஷென் நடுப்பால். தமிழில் பால் பொருளை ஒட்டி அமைகிறது. ஆதலின் ‘இச்சொல் ஏன் இப்பாலைச் சார்ந்தது?’ என்னும் வினா ஜெர்மன் பயிலும் தமிழருக்கு முதல் நாளிலேயே எழுகிறது. ‘காரணம் இல்லை, ஒவ்வொரு சொல்லையும் அதன் சார்படையோடு மனப்பாடம் செய்க’ என்பதே வகுப்பறைகளில் மரபாகத் தரப்படும் விடை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1880இல் இந்நிலையை எள்ளி எழுதினார். மொழியியலறிஞர் புளூம்ஃபீல்டும் தம் 1933ஆம் ஆண்டு நூலில், ஜெர்மன் பெயர்களின் பாலைக் கண்டறிய நடைமுறைக்கு உதவும் அளவுகோல் இல்லை என்றே கருதினார். இம்முடிவு எத்துணை பொருத்தமுடையது என்பதை ஜெர்மன் மொழி வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஈறு தேய்தலும் சார்படையின் எழுச்சியும்

ஏறத்தாழ கி.பி. 750 முதல் 1050 வரை வழங்கிய பழைய உயர் ஜெர்மனில் பெயர்களின் ஈற்றுயிர்கள் தெளிவாக ஒலித்தன. சேவலைக் குறித்த ஹனோ ஆண்பால். நாவைக் குறித்த ட்ஸுங்க பெண்பால். கதிரவனுக்கு ஸுன்னோ என்னும் ஆண்பால் வடிவமும் ஸுன்ன என்னும் பெண்பால் வடிவமும் இருந்தன. பின்னர் வந்த இடைக்கால உயர் ஜெர்மனில் அழுத்தம் பெறாத ஈற்றுயிர்கள் மங்கி, எகரத்தை ஒத்த ஒரே ஒலியாயின. ஸுன்னோவும் ஸுன்னவும் ஸுன்னெ என ஒன்றாயின. அதன்பின் அச்சொல்லின் பாலைச் சொல்லின் வடிவம் காட்டவில்லை. உடன்வரும் சொற்களே காட்டின. சுட்டுப்பெயராயிருந்து சார்படையாக வளர்ந்த சொல் இப்பணியை ஏற்றது. ஈற்றில் நின்ற அடையாளம் சொல்லின் முன்னே இடம்பெயர்ந்தது எனலாம்.

ஆயினும் சார்படையும் ஐயத்திற்கு இடமற்ற அடையாளம் அன்று. ஒருமையில் மூன்று பால், நான்கு வேற்றுமை. பன்மையில் பால் வேறுபாடின்றி நான்கு வேற்றுமை. ஆக 16 இடங்கள். இவற்றுக்கு டெர், டீ, டாஸ், டென், டெம், டெஸ் என 6 வடிவங்களே உள்ளன. எழுவாயில் ஆண்பாலைக் காட்டும் டெர், கொடை வேற்றுமையிலும் உடைமை வேற்றுமையிலும் பெண்பாற் பெயருக்கு முன் வருகிறது. பன்மையின் உடைமை வேற்றுமையிலும் வருகிறது. எனவே தொடர்களில் கேட்கும் சார்படையை மட்டும் நம்பிப் பாலை உணர முயலும் மாணவர் தடுமாறுவது இயல்பே. அது நினைவாற்றலின் குறை அன்று.

3. பொருளா, வடிவமா?

பாலின் தோற்றத்தை விளக்க முனைந்தவர்களுள் யாகோப் கிரிம் குறிப்பிடத்தக்கவர். தம் ஜெர்மன் இலக்கணத்தின் மூன்றாம் பகுதியில் (1831), பண்டை மக்களின் கற்பனை உயிர்களின் ஆண், பெண் வேறுபாட்டைப் பிற பொருள்களின்மேல் ஏற்றியதன் விளைவே இலக்கணப் பால் என்றார். பெரியது, வலியது, வினையாற்றுவது ஆண்பால். சிறியது, மென்மையானது பெண்பால் எனக் கொண்டு, கை பெண்பாலாகவும் கால் ஆண்பாலாகவும் அமைந்ததற்குக் காரணம் கண்டார்.

கார்ல் புரூக்மன் 1889இல் இக்கொள்கையை மறுத்தார். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் பெண்பால் ஈறாகக் கருதப்படும் ஆகார ஈறு தொடக்கத்தில் பாற்பொருள் உடையதன்று. பெண்ணைக் குறித்த சில சொற்கள் தற்செயலாக அவ்வீற்றைக் கொண்டிருந்தமையால் அதற்குப் பெண்பால் தொடர்பு ஏற்பட்டது என்பது அவர் கருத்து. கிரிம் இலக்கணத்தின் மறுபதிப்பிற்கு 1890இல் எழுதிய முன்னுரையில் குஸ்டாஃப் ரோத்தெ கிரிமின் பக்கம் நின்று வாதிட்டார். இவ்வாதம் பாலின் தோற்றத்தைப் பற்றியதே. நிகழ்கால மொழியில் பால் எவ்வாறு அமைகிறது என்னும் வினா தனியே எஞ்சியது.

4. ஒழுங்கின் கண்டுபிடிப்பு

விகுதி பெற்ற சொற்களில் ஒழுங்கு உண்டென்பது முன்பே அறியப்பட்டதாகும். உங், ஹைட், கைட், ஷாஃப்ட் விகுதிகள் பெண்பாலைத் தரும். ஷென், லைன் என்னும் சிறுமை விகுதிகள் நடுப்பாலைத் தரும். மெட்ஷென் நடுப்பாலானது பொருளால் அன்று, விகுதியால்.

விகுதியற்ற ஓரசைச் சொற்களே மனப்பாடத்தின் கோட்டையாகக் கருதப்பட்டன. கிளவ்ஸ் மிஷாயெல் கோப்கெ 1982இல் வெளியிட்ட ஆய்வில் 1466 ஓரசைப் பெயர்களை ஆராய்ந்து, அவற்றுள் பெரும்பாலானவற்றின் பாலை ஒலி, உருபன், பொருள் ஆகியவற்றால் முன்னறியலாம் எனக் காட்டினார். க்ன் என்னும் மெய்மயக்கத்தில் தொடங்குபவை பெரும்பாலும் ஆண்பால். முழங்காலைக் குறிக்கும் க்னீ விலக்காக நடுப்பால். லுஃப்ட் (காற்று), க்ராஃப்ட் (ஆற்றல்) போல ஃப்ட் என முடிபவை பெண்பாலை நாடுகின்றன. நஞ்சைக் குறிக்கும் கிஃப்ட் நடுப்பால், சாற்றைக் குறிக்கும் ஸாஃப்ட் ஆண்பால் என்பன விலக்குகள்.

கோப்கெயும் டேவிட் ஸூபினும் சேர்ந்து செய்த ஆய்வுகள் பொருட்புலங்களையும் வெளிப்படுத்தின. பழவகை முழுவதையும் குறிக்கும் ஓப்ஸ்ட் நடுப்பால். அதன் வகைகளான ஆப்பிள் ஆண்பால், பேரி பெண்பால். தொகைச்சொல்லின் பாலை இறுதி உறுப்பே முடிவு செய்யும் என்பது பொதுவிதி. எனினும் மூட் என்னும் ஆண்பாற் சொல்லை இறுதியாகக் கொண்டவற்றுள் செருக்கைக் குறிக்கும் ஹோஹ்மூட் ஆண்பாலாகவும், பணிவைக் குறிக்கும் டேமூட் பெண்பாலாகவும் உள்ளன. கிரிமின் கற்பனைக் கொள்கை முற்றிலும் பிழையன்றோ என எண்ணத் தூண்டும் சான்று இது.

கடன்சொற்களும் இவ்வொழுங்கிற்குச் சான்றாகின்றன. இலத்தீனில் ஆண்பாலான மூருஸ், ஜெர்மனில் மவெர் எனப் பெண்பாலாயிற்று. சுவரைக் குறிக்கும் வாண்ட் என்னும் பெண்பாற் சொல்லின் தாக்கம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அண்மையில் புகுந்த கம்ப்யூட்டர், எர் ஈற்றினால் ஆண்பாலாயிற்று.

5. மொழிபெயர்ப்பில் பால்

இலக்கணப் பாலைப் பொருளற்ற சுமையெனத் தள்ளுதல் மொழிபெயர்ப்பாளருக்கு இயலாது. 1823இல் வெளிவந்த ஹைனெயின் புகழ்பெற்ற கவிதை ஒன்றில் வடநாட்டு ஊசியிலை மரம் ஆண்பால். அது கனவில் காணும் பனை பெண்பால். லெர்மன்தவ் 1841இல் ரஷ்ய மொழியில் தந்தபோது இரு மரப்பெயர்களும் பெண்பாலாக அமைந்தன; காதல் ஏக்கம் தனிமைத் துயராக மாறியது. அதே கவிதையைப் பெயர்த்த த்யூச்செவ், ரஷ்ய மொழியில் ஆண்பாலான கேதுரு மரத்தைத் தேர்ந்து அவ்வுறவைக் காத்தார். இரு மரங்களும் அஃறிணையாகும் தமிழில் இவ்வழி இல்லை. விளி, அடைமொழி, வினைமுற்று ஆகியவற்றால் அதனை ஈடுசெய்ய வேண்டும்.

6. முடிவுரை

ஜெர்மன் பெயர்களின் பால் முற்றிலும் காரணமுடையதும் அன்று. முற்றிலும் காரணமற்றதும் அன்று. விகுதி உறுதியாக வழிகாட்டுகிறது. ஒலியும் பொருளும் சாய்வுகளைத் தருகின்றன. எஞ்சியவற்றையே நினைவு சுமக்க வேண்டும். சார்படையோடு சொல்லைக் கற்பிப்பது தேவையே. அத்துடன் ஒத்த ஈறும் ஒத்த பொருளும் உடைய சொற்களைத் தொகுத்துக் கற்பித்தால், மாணவர் புதிய சொல்லைக் காணும்போது அதன் பாலைக் காரணத்தோடு ஊகிக்கும் திறன் பெறுவர்.